வாரம் ஒரு ஊசி: சர்க்கரைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் அத்தைக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. மாத்திரைகள் கூடிக்கொண்டே போய், கடைசியில் டாக்டர் வாரம் ஒருமுறை போடும் ஊசியை எழுதிக் கொடுத்தார். "வாரத்துக்கு ஒண்ணுதானே, அதுக்கென்ன" என்று அத்தைக்கு ஒரே நிம்மதி. கண்டனூரில் இரண்டு கட்டு வீட்டில் அவரும், சமையலுக்கு வருகிற பெண்ணும்தான் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை சென்னையில், ஒரு பிள்ளை சிங்கப்பூரில். நான் காரைக்குடியில் இருப்பதால் ஊசிப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

முதல் இரண்டு மாதத்தில் இரண்டு தவறு செய்தோம். ஊசி மருந்து நிரப்பி வரும், பேனா போன்ற கருவி ஒன்றை ஃப்ரிட்ஜில் உறைய விட்டுப் பாழாக்கினோம் (இனிமேல் அதைப் 'பேனா' என்றே சொல்கிறேன்). ஒரு வாரம், ஊசி போட்டோமா இல்லையா என்றே தெரியாமல் நின்றோம். செட்டிநாட்டில் இப்படிப் பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் நிறைய. அந்த வீடுகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எத்தனை மி.கி. என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் எழுதிக் கொடுத்ததை வீட்டில் பத்திரமாகக் கையாளும் வழி மட்டும் இங்கே.

என்ன மருந்து இது

சாப்பாடு உள்ளே போனதும் நம் குடலில் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கச் சொல்லும், வயிறு காலியாவதை மெதுவாக்கும், மூளைக்கு "போதும்" என்று சொல்லும். உடம்பில் அது சில நிமிடங்களே தங்கும். அதே வேலையை ஒரு வாரம் முழுக்கச் செய்யும்படி உருவாக்கியவைதான் இந்த ஊசிகள். இன்சுலின் வேறு, இது வேறு. நம் பக்கம் அதிகம் காதில் விழும் பெயர்கள் செமாகுளூடைடு, டுலாகுளூடைடு, டிர்செபடைடு. மூன்றாவது, ஜி.எல்.பி-1 உடன் ஜி.ஐ.பி. என்ற இன்னொரு ஹார்மோன் வழியாகவும் வேலை செய்யும்.

ஒரு விஷயத்தை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். செமாகுளூடைடு உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். கடைசி ஊசிக்குப் பிறகும் ஏறக்குறைய ஐந்து வாரம் மிச்சம் இருக்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளைக்கு நிறுத்தினால் நாளை மறுநாள் சரியாகிவிடும். இது அப்படி இறங்காது. தெரியாமல் இரண்டு தடவை போட்டுவிட்டால் அதை முறிக்க மருந்தும் கிடையாது. வாந்தியையும் சர்க்கரை இறக்கத்தையும் நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால்தான் கீழே பல இடத்தில் 'நிதானம்', 'குறித்து வையுங்கள்' என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

சீட்டு வாங்கும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

டாக்டர் அவசரத்தில் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோயோ, எம்.இ.என்-2 என்ற பரம்பரை நோயோ இருந்தால் இந்த ஊசி கூடாது. பழைய காலத்தில் "கழுத்தில் கட்டி வந்து போனார்" என்று மட்டுமே சொல்லியிருப்பார்கள். அதையும் சொல்லிவிடுங்கள், மிச்சத்தை அவர் விசாரிப்பார். கணைய அழற்சி வந்தது, பித்தப்பையில் கல், சிறுநீரகக் கோளாறு, சாப்பிட்டது செரிக்காமல் வயிற்றிலேயே நிற்கிற தொல்லை, இவற்றையும் விடாமல் சொல்லுங்கள். டைப் 1 சர்க்கரைக்காரர்களுக்கு இது மருந்து இல்லை.

கண் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல வருடம் கூடிக் கிடந்த சர்க்கரை திடீரென்று இறங்கும்போது, விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருப்பவர்களுக்கு அது மோசமாகலாம். செமாகுளூடைடு ஆய்வுகளில் இது பதிவாகியிருக்கிறது. அத்தைக்கு முன்பே ஒரு கண்ணில் லேசர் வைத்திருந்தார்கள். மதுரைக்குப் போய் விழித்திரையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் டாக்டர் முதல் ஊசிக்குச் சம்மதித்தார். அந்த இரண்டு வாரத் தாமதத்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரையோ இன்சுலினோ கூட இருந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம், அவற்றின் அளவைக் குறைக்க வேண்டி வரும். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் வகை மாத்திரைகளை இந்த ஊசியோடு சேர்த்துப் போடுவதால் பெரிய லாபம் இல்லை, பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டிருப்பவர்கள் "அதான் புது ஊசி வந்துவிட்டதே" என்று தாங்களாக இன்சுலினை நிறுத்தக்கூடாது. அது ஆபத்து.

பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் இன்னும் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் செமாகுளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். அதைத் தொடங்கும்போதும், ஒவ்வொரு முறை அளவு கூட்டும்போதும், அடுத்த நான்கு வாரம் வேறு தடுப்பு முறை தேவை.

வாங்குவது

டாக்டர் சீட்டோடு, பில் கொடுக்கிற, ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிற மருந்துக் கடையில் மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் "பாதி விலை" என்று வருவதைத் தொடவே தொடாதீர்கள். பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 2023-இல் போலி செமாகுளூடைடு பிடிபட்டு, உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கையே வெளியிட்டது. பெட்டியில் பேட்ச் எண், காலாவதித் தேதி, எழுத்துப் பிழை, உடைந்த முத்திரை எல்லாம் பாருங்கள். இன்னொன்று, ஓசெம்பிக், வீகோவி இரண்டிலும் இருப்பது செமாகுளூடைடுதான். ஒன்று சர்க்கரைக்கு, மற்றது எடைக்கு என்று இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்து, இரண்டையும் போட்டுவிடக்கூடாது.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் பேனா வாங்கி வருவது நம் ஊரில் சகஜம். வாங்கி வந்தால் கைப்பையில் கொண்டு வரச் சொல்லுங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் போட்டால் உறைந்துபோக வாய்ப்புண்டு. அந்த ஊர்ச் சீட்டில் உள்ள அளவும் இங்கே டாக்டர் சொன்ன அளவும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே தொடுங்கள்.

ஃப்ரிட்ஜ்

பிரிக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். உறையவே கூடாது. உறைந்து இளகிய மருந்து பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும், ஆனாலும் அதைப் போடக்கூடாது. அத்தை வீட்டில் இருப்பது பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். பத்திரமாக இருக்கட்டும் என்று மேல் தட்டில், ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே வைத்தார். மறுநாள் காலையில் பேனா மேல் பனி. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைத் தூக்கிப் போட மனம் வராமல் அத்தை அரைமணி நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். இப்போது நடுத் தட்டில், ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள், பின்சுவரில் படாமல் இருக்கிறது. டப்பா மேல் பெரிய எழுத்தில் 'ஊசி' என்று ஒட்டியிருக்கிறோம்.

பயன்படுத்தத் தொடங்கிய பேனாவை வெளியே வைக்கலாம் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். கூடவே '30 டிகிரிக்குள்' என்றும் போட்டிருக்கும், அதைக் கவனியுங்கள். சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் காலுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் சித்திரை, வைகாசியில் நம் ஊர் வீட்டுக்குள் 30 டிகிரியை எளிதாகத் தாண்டிவிடும். அதனால் பேனாவைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகும் ஃப்ரிட்ஜிலேயே வைப்பதுதான் எங்கள் வழக்கம். கரண்டு போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள். நாள்கணக்கில் கரண்டு இல்லை, மருந்து சூடாகிவிட்டது என்றால் மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். திறந்த பேனாவுக்கு ஆயுள் உண்டு, அது மருந்துக்கு மருந்து மாறும். திறந்த தேதியை எழுதி, மூடியில் அல்லாமல் பேனா மேலேயே ஒட்டுங்கள். மூடி மாறிப்போகும்.

நாள் குறிப்பது

வாரத்தில் ஒரே நாள். சாப்பிடுவதற்கு முன்போ பின்போ, காலையோ மாலையோ, எப்போது போட்டாலும் சரி. உங்கள் ஊர்ச் சந்தை நாளோ, கோயிலுக்குப் போகிற கிழமையோ, மறக்காத ஒரு நாளாகப் பாருங்கள். ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாளில்தான் குமட்டல் அதிகமாகத் தெரியும். படைப்போ (முன்னோரை வணங்கிப் படைக்கும் விருந்து) கல்யாணமோ வரும் வாரத்தில் விருந்துக்கு முதல் நாள் ஊசி விழாதபடி பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

நாங்கள் செய்த இரண்டாவது தவறு இங்கேதான். அத்தை ஊசி போட்டதும் தினசரிக் காலண்டர் தாளில் டிக் அடித்தார். மறுநாள் காலையில் வழக்கம்போலத் தாளைக் கிழித்துவிட்டார். நான்கு நாள் கழித்து "இந்த வாரம் போட்டேனா ஆத்தா?" என்கிறார். சமையல் பெண்ணுக்கும் நினைவில்லை. டாக்டரைக் கூப்பிட்டோம். "சந்தேகம் இருந்தால் போடாதீர்கள், அடுத்த ஊசி நாளில் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை சர்க்கரையைப் பாருங்கள்" என்றார். அன்றிலிருந்து கட்டம் போட்ட மாதக் காலண்டர்தான். தேதி, எத்தனை மி.கி., வயிற்றில் எந்தப் பக்கம் என்று மூன்றையும் கட்டத்தில் எழுதுகிறோம். எழுதியதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவோம். சிங்கப்பூரிலிருந்து ஒரு கட்டைவிரல் வரும். யார் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்குத் தப்பாது.

போடும் முறை

முதல் ஊசியை டாக்டர் அல்லது நர்ஸ் முன்னால் போடுங்கள். பேனாக்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. டுலாகுளூடைடு பேனா ஒருமுறை போட்டதும் தூக்கிப்போடுவது. செமாகுளூடைடு பேனா பல வாரத்துக்கு வரும், ஒவ்வொரு முறையும் அளவைத் திருகி வைக்க வேண்டும். சில பேனாவில் புதிதாகப் பிரிக்கும்போது மட்டும் ஒரு சொட்டு வருகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள், சிலவற்றில் ஒவ்வொரு முறையும். உங்கள் பெட்டியில் வந்த தாள்தான் உங்களுக்குப் பொருந்தும், பக்கத்து வீட்டு ஆச்சி பேனாவைப் பார்த்து அதேபோலச் செய்யாதீர்கள்.

குப்பியில் வரும் மருந்தை சிரிஞ்சில் எடுக்கச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் இருப்பது யூனிட் கோடு, சீட்டில் இருப்பது மி.கி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் அளவு பல மடங்கு ஏறிவிடும். எந்தக் கோடு வரை என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பேனாவைக் கால்மணி, அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் சில்லென்று சுருக்காது. பெயர், மி.கி., தேதி மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். மருந்து தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியோ துகளோடோ இருந்தால் போடாதீர்கள். வயிறு, தொடை இரண்டும் நாமே போட வசதி. மேல்கையில் என்றால் இன்னொருவர் போட வேண்டும். தொப்புளைச் சுற்றி மூன்று விரற்கடை விட்டுவிடுங்கள். போன வாரம் போட்ட இடத்திலேயே இந்த வாரம் வேண்டாம். தழும்பு, கன்றிப்போன இடம், கட்டி இருக்கும் இடம் தவிர்த்துவிடுங்கள். ஸ்பிரிட் தடவினால் காயட்டும். நேராகக் குத்தி, பித்தானை முழுசாக அழுத்துங்கள். செமாகுளூடைடு பேனாவில் எண் 0-க்கு வந்த பிறகும் மெதுவாக ஆறு எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் மருந்து தோல் மேல் வழியும். வழிந்துவிட்டது என்பதற்காக இன்னொரு முறை போடக்கூடாது. எடுத்த பிறகு தேய்க்காதீர்கள்.

ஊசிமுனையை உடனே கழற்றுங்கள், பேனாவிலேயே விட்டு வைக்காதீர்கள். கணவனும் மனைவியும் ஒரே மருந்து போட்டாலும் பேனா தனித்தனி. முனையை மாற்றினாலும் பேனா வழியாக ரத்தத் தொற்று பரவும்.

முதல் இரண்டு மாதம்

செமாகுளூடைடு பெரும்பாலும் 0.25 மி.கி.யில் நான்கு வாரம் தொடங்கி 0.5-க்குப் போகும். டிர்செபடைடு 2.5 மி.கி.யில் நான்கு வாரம், பிறகு 5. தொடக்க அளவு வயிற்றைப் பழக்குவதற்காகவே. "சர்க்கரை இறங்கவே இல்லையே" என்று அந்த மாதத்தில் மனம் தளர வேண்டாம், நாமாகக் கூட்டவும் வேண்டாம்.

குமட்டல், வயிறு உப்புசம், பேதி அல்லது மலச்சிக்கல் வரும், பெரும்பாலோருக்குப் பழகப் பழகக் குறையும். சாப்பாட்டை மாற்றினால் தொல்லை நிறையக் குறையும். நம் ஊர்ப் பந்தி முறை இந்த மருந்துக்குப் பெரிய சோதனை. இலையில் விழுவதை மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். வயிறு காலியாவதே மெதுவாகிவிட்ட நேரத்தில் வெள்ளைப் பணியாரம் நாலு, கந்தரப்பம் இரண்டு, அப்புறம் பிரியாணி என்றால் வாந்தியில்தான் முடியும். கொஞ்சமாக, மெதுவாக, எண்ணெய் குறைத்து. நிறைந்தது போல் பட்டதும் கையை எடுத்துவிடுங்கள். பந்தி விசாரிக்கிறவர்களிடம் "மருந்து சாப்பிடுறேன்" என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கருப்புக் கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்பார்கள். சர்க்கரை போட்டுக் கிளறிய பிறகு அது இனிப்புதான், ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள்.

இதற்கு நேர்மாறான கவலையும் உண்டு. வயதானவர்கள் "பசிக்கவே இல்லை" என்று இரண்டு வாய் தயிர்ச் சோற்றோடு படுத்துவிடுகிறார்கள். கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்து, எழுந்து நடக்கவே தள்ளாடுவார்கள். அத்தைக்குக் காலையில் ஒரு முட்டை, மதியம் மீனோ பருப்போ, மாலையில் வேகவைத்த பச்சைப்பயறு என்று சமையல் பெண்ணிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை எடை பார்க்கிறோம். தண்ணீரைத் தாகத்துக்காகக் காத்திராமல் குடிக்கப் பழக்குங்கள்.

லோ சுகர்

இந்த ஊசி தனியாகச் சர்க்கரையை ஆபத்தாக இறக்குவது அரிது. கிளிமிபிரைடோ இன்சுலினோ கூட இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சு குழறினால் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழ் என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் திரும்பக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சஷ்டி விரதம், பிள்ளையார் நோன்பு போன்ற நாட்களில் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் மாத்திரை அளவை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

மேல் வயிற்றில் கடுமையான வலி, முதுகு வரை பாய்ந்து விடாமல் இருந்தால் அது கணைய அழற்சியாக இருக்கலாம். "வாய்வு" என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்து இரவைக் கடத்தாதீர்கள். வலது மேல் வயிற்றில் வலியும் காய்ச்சலும், கண் மஞ்சளும் பித்தப்பையைக் காட்டும். குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி, சிறுநீர் குறைவு என்றால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அப்போது மெட்பார்மின், டாபாகிளிபுளோசின் போன்ற மாத்திரைகளைத் தொடரலாமா என்றும் உடனே கேளுங்கள். பார்வை திடீரென்று மங்கினாலும், முகம் வீங்கி மூச்சு திணறினாலும் காத்திருக்க வேண்டாம். எங்கே போனாலும் கடைசி ஊசி என்றைக்குப் போட்டது என்று சொல்லுங்கள். அறுவை சிகிச்சையோ எண்டோஸ்கோபியோ இருந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம், மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குப் போய்விடும்.

மறந்துவிட்டால், நாள் மாற்ற வேண்டுமென்றால்

செமாகுளூடைடு: போட வேண்டிய நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம், தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். டிர்செபடைடுக்கு அது நான்கு நாள். டுலாகுளூடைடுக்குக் கணக்கு வேறு: அடுத்த ஊசிக்கு மூன்று நாளாவது மிச்சம் இருந்தால் மட்டும் போடலாம். ஊசி நாளை மாற்றும்போது இரண்டு ஊசிக்கு நடுவே செமாகுளூடைடுக்குக் குறைந்தது இரண்டு நாள், மற்ற இரண்டுக்கும் மூன்று நாள் இடைவெளி வேண்டும். எந்த நிலையிலும் இரண்டு ஊசியைச் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடங்காமல் டாக்டரிடம் கேளுங்கள். வயிறு பழக்கத்தை மறந்திருக்கும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்களுக்கு இந்த இடைவெளிக் கணக்கு உதவும். அத்தையின் தம்பி போன தையில் நடந்தார். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு ஊசி விழும்படி நாளை மாற்றிக்கொண்டார். குமட்டல் வீட்டிலேயே அடங்கிவிட்டது. கிளிமிபிரைடை நடைநாட்களுக்கு டாக்டர் பாதியாக்கினார். இடுப்புப் பையில் மீட்டர், குளுக்கோஸ், ஊசி விவரம் எழுதிய சீட்டு. கூட நடந்த இரண்டு பேரிடம் லோ சுகர் வந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே சொல்லி வைத்தார். வழியில் பேனாவைக் கொண்டு போய்த்தான் ஆக வேண்டும் என்றால் குளிர்காக்கும் பையில், ஐஸ் நேராகப் படாதபடி துணி சுற்றி வையுங்கள். சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் மருந்து கொண்டு வருவதற்கும் அதே பைதான்.

கழற்றிய ஊசிமுனை

தெருக் குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி திருகு மூடி உள்ளது ஒன்று போதும். வாரத்துக்கு ஒரு முனை என்றால் நிறைய நாள் வரும். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அலமாரி மேல் வையுங்கள். முக்கால் நிறைந்ததும் மூடி மேல் டேப் ஒட்டி, அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் கேட்டு அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.